சேற்றில் நிற்கும் குதிரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் வட்டாரத்து வயல்வெளிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடந்து பார்த்தவர்களுக்குச் சேறு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பகுதிகளில் ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் வழக்கம் உண்டு. மண்ணால் செய்த அந்தக் குதிரையைச் சூளையில் சுட்டு வைத்திருப்பதால் மழை அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் உயிருள்ள குதிரை நாள் கணக்கில் சேற்றில் நின்றால் என்ன ஆகும்?

ஒரு காலத்தில் நம் ஊர்களில் இது அன்றாடக் கேள்வி. ரயில் நிலைய வாசலில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற நாட்களில், குதிரை ஒரு வாரம் நொண்டினால் வண்டிக்காரர் வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரிவது கடினம். ஜட்கா மறைந்தாலும் குதிரை மறைந்துவிடவில்லை. சென்னைக் காவல்துறையின் குதிரைப்படையிலும், மெரினா மணலிலும், உதகையிலும் குதிரைகளை இன்றும் காணலாம். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தையே கூடுகிறது.

பராமரிப்பு தவறினால் எவ்வளவு இழப்பு என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து பெரும் பொருள் கொடுத்துக் கப்பலில் வாங்கிவந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துபோயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்றும் எழுதினார். நம் வெப்பமும் ஈரமும் ஒத்துக்கொள்ளாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சேறு ஏன் ஒட்டுகிறது?

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பாகமாக்கினால் அதில் ஒரு பாகத்தைவிடவும் சிறியவை. அவை தட்டையான தகடுகள் போன்றவை. தகடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை ஒன்றோடொன்றும், மயிரோடும் பிணைக்கிறது. நீர் ஆவியானதும் களிமண் சுருங்குகிறது, வெடிக்கிறது, பிடி தளர்கிறது. வற்றிய ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குதிரையின் உடம்பிலும் அதுவே நடக்கிறது.

எனவே முதல் விதி: ஈரச் சேற்றைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் சேறு மயிரின் அடிவரை இறங்கும். அதிலுள்ள மணல் உப்புத்தாள் போலத் தோலைச் சிராய்க்கும். சேறு நன்றாகக் காய்ந்த பிறகு, ரப்பர்ப் பற்கள் கொண்ட சீப்பால் வட்டமாகத் தேய்த்தால் கட்டிகள் உதிரும். பின்னர் முரட்டுத் தூரிகையால் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தட்டி எடுக்க வேண்டும். எலும்பு மேலாகத் தெரியும் முகத்திலும் கால்களிலும் சீப்பு வேண்டாம். மென்மையான தூரிகையே போதும். நனைந்த குதிரையைச் சீக்கிரம் உலர்த்த, வைக்கோலைப் பிரிபோல் முறுக்கி உடம்பைத் துடைக்கலாம். அது ஈரத்தை உறிஞ்சும். இரத்த ஓட்டத்தையும் தூண்டும்.

தினமும் கழுவினால் என்ன?

‘சோப்புப் போட்டுத் தினமும் குளிப்பாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்று தோன்றும். அது சரியல்ல. குதிரையின் ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவற்றின் எண்ணெய் மயிரின்மேல் பரவி மழைநீரை வழிந்தோடச் செய்கிறது. அடிக்கடி சோப்பிட்டால் இந்தக் கவசம் போய்விடும். அடுத்த மழையில் நீர் தோல்வரை இறங்கும். மாறாக, உலர்ந்த தூரிகையால் தேய்க்கும்போது எண்ணெய் மயிர் நெடுகப் பரவுகிறது. நன்றாகத் தேய்த்த குதிரை பளபளப்பதன் இரகசியம் இதுதான். பளபளக்கும் மயிரில் சேறும் எளிதில் பிடிப்பதில்லை. அவசரமாகக் கழுவ வேண்டியிருந்தால் முழங்காலுக்குக் கீழே மட்டும் வெறும் நீரால் கழுவி, துணியால் ஒற்றி முற்றிலும் உலர்த்திவிட வேண்டும்.

ஈரத்துக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

சேறு வெறும் அழுக்கு மட்டும் என்றால் இவ்வளவு கவலை தேவையில்லை. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிய தோல், குளத்தில் ஊறிய நம் விரல் நுனிபோல மென்மையாகிவிடுகிறது. மணல் சிராய்த்த நுண்ணிய கீறல்களும் சேர்ந்துகொள்கின்றன. அந்த வாசல் வழியாக ‘டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ்’ என்னும் பாக்டீரியா நுழைகிறது. 1915இல் அன்றைய பெல்ஜியன் காங்கோவில் மாடுகளிடம் முதன்முதலில் விவரிக்கப்பட்டதால் இந்தப் பெயர். வறண்ட பொருக்கில் இது உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் இதன் வித்துக்கள் உயிர்த்து நீந்தத் தொடங்கும்.

குளம்புக்கு மேலே, காலின் பின்புற மடிப்பில் பொருக்குகள் தோன்றும். மயிர் கற்றையாக ஒட்டி, தூரிகை நுனிபோல நிற்கும். கால் வீங்கி வலிக்கும். வெண்கால் குதிரைகளின் இளஞ்சிவப்புத் தோலில் இது அதிகம். பொருக்கைப் பிய்த்து எடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாடு, ஆடுகளையும் இது தாக்கும். அரிதாக மனிதருக்கும் தொற்றும். ஒரு விலங்குக்குப் பயன்படுத்திய சீப்பையும் துணியையும் கழுவாமல் மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

குளம்பை மறவாதீர்

குளம்பின் அடியில் முக்கோண வடிவில் மெத்தைபோன்ற பகுதி ஒன்று உண்டு. அதன் இருபுறப் பள்ளங்களிலும் சேறும் சாணமும் அடைத்துக்கொண்டால் காற்றுப் புகாது. காற்றில்லா இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகி அழுகலை உண்டாக்கும். கறுப்புக் கசிவும் கடும் நாற்றமும் அதன் அடையாளங்கள். நாள்தோறும் நான்கு குளம்புகளையும் தூக்கி, வளைந்த முனையுள்ள கம்பியால் குதிகாலிலிருந்து முன்நோக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும்.

சேறு மறைக்கும் இன்னோர் ஆபத்து ஆணிக் காயம். மண்ணிலும் சாணத்திலும் இரண ஜன்னியின் வித்துக்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டு விலங்குகளில் இந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். தடுப்பூசி போட்டிருந்தால் பெரும்பாலும் தப்பலாம். நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை

வேலையைக் குறைக்கும் வழி, சேறு ஒட்டாமலே பார்த்துக்கொள்வதுதான். தொட்டியடியிலும் லாயத்தின் வாசலிலும்தான் சேறு அதிகம் சேரும்; புரட்டாசியிலேயே அங்கே சரளை கொட்டி, நீர் வடியக் கால் வெட்டிவிட வேண்டும். தினம் சில மணி நேரமாவது குதிரை உலர்ந்த தரையில் நிற்க வேண்டும். கணுக்காலில் தொங்கும் நீள மயிரைக் கத்தரிக்கலாம். ஒட்ட வழித்துவிடக் கூடாது. வால் மயிரில் சிறிது எண்ணெய் தடவினால் சேறு வழுக்கி விழும். சிக்கை முதலில் விரலால் பிரித்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவ வேண்டும். காலில் வாசலின் போன்ற களிம்பு தடவுவது நல்லது. ஆனால் சுத்தமாக உலர்ந்த தோலில் மட்டுமே. ஈரத்தின்மேல் தடவினால் நாமே ஈரத்தைச் சிறைவைத்தவர்களாவோம்.

குதிரை இல்லாத வாசகர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தொழுவத்து மாட்டுக்கும் சேறு ஒன்றுதான், ஈரம் ஒன்றுதான், கிருமியும் ஒன்றுதான். இந்த மழைக்காலத்தில் மாலைதோறும் அதன் கால்களைக் கையால் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ பொருக்கோ கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரியும்.