பயன்தரும் கைநூல் எழுதுதல்

படிப்பவர் தம் வேலையிலோ வாழ்விலோ உடனே கையாளக்கூடிய அறிவைத் தரும் அபுனைவு நூல், பயன்தரும் கைநூல் எனப்படும். வேலூர்ப் பட்டறிவிலிருந்து பிறந்த 'இன்சென்சிட்டிவ் ஃபீட்' (உணர்விழந்த பாதங்கள்) என்னும் ஆங்கில நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் எழுதிய இந்நூலைத் தொழுநோய்ப் பணி செய்யும் 'தி லெப்ரசி மிஷன்' 1966-இல் வெளியிட்டது.

பின்னணி

கொல்லிமலையில் இளமையைக் கழித்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. நோய் நரம்பைத் தாக்குவதால் வலி உணர்வு போய்விடுகிறது. வலி இல்லாததால் காயம் தெரிவதில்லை. காயத்தோடு நடப்பதாலேயே பாதம் சிதைகிறது என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் விளக்கினர்.

அழுகல் தானாக வருவதென்றால் நோயாளி செய்யக்கூடியது ஏதுமில்லை. காயத்தால் வருவதென்றால் பாதத்தைக் காப்பாற்ற வழியுண்டு. இந்த வேறுபாடே கைநூலுக்கான தேவையை உண்டாக்கியது.

அறிவு செயலாதல்

உணர்விழந்த பாதத்தைக் காக்கும் முறைகள் எளியவை:

- நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்தல். சிவப்பு, வீக்கம், சூடு உள்ளனவா எனக் கவனித்தல்.
- பாதத்தை நீரில் ஊறவைத்து, காய்ப்பை மெல்லத் தேய்த்து, எண்ணெய் தடவுதல்.
- புண் ஏற்பட்டால் நடக்காமல் ஓய்வு கொடுத்தல். தேவையானால் மருத்துவர் வழி மாவுக்கட்டுப் போடுதல்.
- மெத்தென்ற நுண்துளை ரப்பர் உள்தளமும், முள் குத்தாத உறுதியான அடித்தளமும் கொண்ட செருப்பை அணிதல்.

இத்தகைய செருப்பில் ஆணி அடிப்பது தவிர்க்கப்படுகிறது. ஆணி மேலெழுந்து குத்தினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. 'நல்ல செருப்பு அணிக' என்று மட்டும் எழுதினால் செருப்புத் தைப்பவருக்கு எதுவும் விளங்காது. 'ஆணிக்குப் பதில் பசையும் தையலும்' என்று எழுதினால் அவர் கை உடனே வேலை செய்யும்.

தோல் தொழிலுக்குப் பொருத்தம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. சல்பைடு கலந்த கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். தேங்கிய கழிவு அழுகும்போதும் இது உண்டாகும். குறைந்த அளவில் இது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் முகரும் திறனே மரத்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதாக எண்ணித் தொட்டிக்குள் இறங்குபவர் உயிரிழக்கக்கூடும். மயங்கியவரைத் தூக்கத் தற்காப்பின்றி இறங்குபவருக்கும் அதே கதிதான்.

உணர்விழந்த பாதத்துக்கும் மரத்த மூக்குக்கும் பாடம் ஒன்றே: உடல் எச்சரிக்காத இடத்தில் நூல் எச்சரிக்க வேண்டும். ஆகவே தோல் தொழிலாளர்க்கான கைநூலில் வாயுவின் வேதியியலுக்கு முன், 'நாற்றம் இல்லை என்பதற்காகத் தொட்டியில் இறங்காதீர். பின்தொடர்ந்தும் குதிக்காதீர்' என்பது முதற்பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

1. நூலைப் படிக்கப்போகிறவர் யார், அவருக்கு நேரும் இழப்பு எது என்பதை முதலில் முடிவுசெய்தல்.
2. தவறான நம்பிக்கை இருந்தால், காரணம் காட்டி அதை நீக்குதல். காரணம் புரிந்தவரே நூலில் சொல்லப்படாத சூழலிலும் சரியாக நடப்பார்.
3. படிப்பவரிடம் உள்ள பொருள், பணம், நேரம் ஆகியவற்றுக்குள் அடங்கும் வழிகளையே கூறுதல்.
4. தொழிலில் புழங்கும் சொற்களையே ஆளுதல்.
5. கையெழுத்துப்படியை அத்தொழில் செய்வோரிடம் கொடுத்து, படித்தபடி செய்துகாட்டச் சொல்லுதல். அவர் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.

படித்து முடித்தவர் மறுநாள் காலையில் எதை வேறுவிதமாகச் செய்கிறார் என்பதே கைநூலின் பயனை அளக்கும் அளவுகோலாகும்.