கட்டை போடுகிறவர்

ஆடி பிறந்துவிட்டால் வடசென்னைப் புளியந்தோப்பின் சந்துகளுக்குள் ஜெனரேட்டர் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் சீரியல் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் கரன்ட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது. குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துவரப்படும் அந்த இரண்டு சக்கர வண்டிக்குத் தெருமுனை வரைதான் சுகமான பயணம். அதற்குமேல் இரு பக்கமும் நிற்கும் பைக்குகள், வாசலில் வைத்த தண்ணீர் டிரம்கள், பந்தல் கால்கள். கொக்கியைக் கழற்றிவிட்டு நான்கு பேர் கையால் தள்ளிப் போவார்கள். ஒருவர் முன்கம்பியைப் பிடிப்பார், இரண்டு பேர் பின்னால் தோள் கொடுப்பார்கள். நான்காமவர் எதையும் தொடமாட்டார். கையில் ஒரு மரக்கட்டையோடு, சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடப்பார்.

"வா... வா... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... நில்லு, கட்டை போடு!"

இந்த வேலையின் சூட்சுமம் பெரும்பாலும் அந்த நான்காமவரிடம் இருக்கிறது. ஏனென்றால், சக்கரம் வைத்த பாரத்தை நகர்த்துவது பார்ப்பவர்கள் நினைப்பதைவிட எளிது. திருப்புவதும் நிறுத்துவதும்தான் கஷ்டம்.

15 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று, கூண்டும் வண்டியும் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன் வரும். ஒரு டன்னைத் தூக்க வேண்டுமானால் கிரேன் வேண்டும். ஆனால் சமமான சிமென்ட் தரையில் உருட்ட அவ்வளவு பலம் தேவையில்லை. காற்றடைத்த டயர் நல்ல சாலையில் உருளும்போது பாரத்தில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான் எதிர்த்து நிற்கும். அதாவது 10 முதல் 15 கிலோ விசை போதும். காலை நன்றாக ஊன்றினால் ஒரே ஆள் கொடுக்கக்கூடிய விசைதான் இது. அதே வண்டி மணலில் இறங்கினால் எதிர்ப்பு இருபது மடங்காகப் பெருகும். டயரில் காற்று குறைந்தாலும் தள்ளுவது கனக்கும். அதனால் கொக்கியைக் கழற்றும் முன்பே டயரை ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

உருளும் பாரம் இவ்வளவு இலகுவானது என்பதை ஊருக்குக் காட்ட ஓர் அமெரிக்க நிறுவனம் அருமையான வழி கண்டுபிடித்தது. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடுகளை, அதாவது டிராவல் டிரெய்லர்களைச் செய்யும் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் அது. 1947-ல் ஆல்ஃபிரெட் லெதூர்னர் என்ற பிரெஞ்சுச் சைக்கிள் வீரரை அழைத்து, தங்கள் அலுமினிய வண்டி ஒன்றைச் சைக்கிளில் கட்டி இழுக்க வைத்தார்கள். 1941-ல் ஒரு காரின் பின்னால் காற்று மறைவில் மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டிச் சாதனை படைத்தவர் அவர். சைக்கிளில் அவர் வீட்டையே இழுத்த அந்தப் படம் பிறகு நிறுவனத்தின் சின்னமாகவே ஆனது. வடசென்னைவாசிகளுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. கூடை கூடையாக மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியை மிதித்து வந்த கால்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சிக்கல் சமதரை முடிகிற இடத்தில் ஆரம்பிக்கிறது.

சென்னை தட்டையான ஊர். புளியந்தோப்பு அதிலும் தாழ்ந்த பகுதி, பெருமழை பெய்தால் தண்ணீர் நிற்கும். வீட்டுக்குள் தண்ணீர் வராமலிருக்க வாசலை உயர்த்துகிறார்கள். சாலையை மறுபடி மறுபடி போடும்போது அதுவும் உயர்கிறது. அதற்கேற்ப வீட்டுத் தளமும் இன்னும் ஏறுகிறது. இந்தப் போட்டியில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே கிடைக்கும் குறுகிய இடத்தில் செங்குத்தான ஒரு சரிவு வந்துவிடுகிறது. ஐந்தடி நீளத்தில் ஓரடி ஏறும் சரிவென்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் வண்டி அதில் 200 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். சமதரையில் ஒருவர் உருட்டிய வண்டிக்கு இங்கே ஏழெட்டுப் பேர் வேண்டியிருக்கும்.

சரிவைவிட மோசமானது படி. 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் 5 சென்டிமீட்டர் படியில் முட்டி நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து அதை ஏற்ற, பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு விசை தேவை. ஒரு டன்னுக்கு 650 கிலோவுக்கும் மேல்! ரப்பர் கொஞ்சம் நசுங்கிக் கொடுப்பதால் நடைமுறையில் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் படியில் மோதும்படி நேராகத் தள்ளுகிறவர்கள் இங்கேதான் மூச்சு வாங்குகிறார்கள். அனுபவசாலிகள் வண்டியைச் சாய்வாகக் கொண்டுவந்து ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றுவார்கள். பாரம் பாதியாகிவிடும்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, முன்கம்பியின் நுனியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். கட்டை வைத்த சக்கரம் அச்சாணியாகி நிற்க, மற்றச் சக்கரம் படியில் ஏறும். அச்சிலிருந்து கம்பி நுனி வரை இரண்டரை மீட்டர், இரு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றேகால் மீட்டர் என்றால், தள்ளும் விசை சக்கரத்தில் இரு மடங்காகப் போய்ச் சேரும். 325 கிலோ கேட்ட படிக்கு 165 கிலோ போதும். வண்டி தரும் நெம்புகோல் அதன் மூக்கிலேயே இருக்கிறது. பெட்டியைப் பிடித்துத் தள்ளுகிறவர்கள் அதை வீணாக்குகிறார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அரை மீட்டர் நீளப் பலகை ஒன்று கையில் இருந்தால் இவ்வளவும் தேவைப்படாது. படியைப் பத்துக்கு ஒன்று சரிவாக மாற்றி, சுமையை நூறு கிலோவுக்குக் கொண்டுவந்துவிடும்.

பின்னால் தள்ளும்போது புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். முன்கம்பியை இடப்பக்கம் நகர்த்தினால் வண்டியின் பின்புறம் வலப்பக்கம் போகும். கண் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்ய வேண்டியிருக்கும். கம்பியைப் பிடிப்பவர் வண்டியின் பின்மூலையைப் பார்க்காமல் அச்சு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்த்தால் சீக்கிரம் பழகிவிடும். கொஞ்சமாக ஒடிப்பதும், ஒடித்ததை உடனே நேராக்குவதும் முக்கியம். அளவுக்கு மீறி ஒடித்துவிட்டால் சந்தின் சுவரில்தான் போய் முட்டும்.

முன்கம்பியின் எடையும் ஒரு கணக்குதான். சாலையில் இழுத்துப் போகும்போது மொத்தப் பாரத்தில் பத்து சதவீதம் அளவுக்குக் கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் வண்டி வாலாட்டும். ஆனால் அந்த நூறு கிலோவைக் கையால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கைரிக்‌ஷா இழுத்தவர்களுக்கு இது உடம்பில் பதிந்த பாடம். சவாரி முன்னால் சாய்ந்தால் பாரம் இழுப்பவரின் மணிக்கட்டில் இறங்கும், பின்னால் சாய்ந்தால் கம்பு மேலே எழும்பும். மனிதனை மனிதன் இழுக்கும் அந்த வண்டியைத் தமிழ்நாட்டில் 1973-ல் ஒழித்தது நல்ல காரியம். டிரெய்லர்களில் இந்தச் சுமையை முன்கம்பியில் பொருத்திய, நாலா பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம் வாங்கிக்கொள்கிறது. சமதரையில் அது பெரிய உதவி. சேற்றில் முதலில் புதைவதும் அதுதான். அப்போது தள்ளுவதை விட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

இனி அந்தக் கட்டை. தமிழ்நாட்டில் வடம் பிடித்து இழுக்கப்படும் சக்கர வண்டிகளில் பெரியது திருவாரூர் ஆழித்தேர். அலங்கரித்து முடித்தால் 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 1970-ல் மீண்டும் ஓடியபோது, திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வந்தாலும் தேர் போகும் திசையைத் தீர்மானிப்பது சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு ஓடும் சிலர்தான். ஒரு பக்கச் சக்கரத்தின் கீழ் கட்டையைச் சாய்த்து வைத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் திரும்பும். சந்தில் கட்டையோடு நடக்கும் நான்காமவர் செய்வதும் இதே வேலைதான். கட்டை நேர்ச்செவ்வகமாக இருந்தால் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போகும். முக்கோணமாகச் செதுக்கியதுதான் டயருக்கு அடியில் புகுந்து பிடிக்கும்.

சரிவில் இறக்கும்போது கட்டையோடு கயிறும் வேண்டும். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிறவர்கள் பெரிய கயிற்றை இரும்புத் தூணில் சுற்றிப் பிடிக்கும் உத்தி இங்கேயும் உதவும். உராய்வு மிதமாக இருந்தாலே, உறுதியான தூணில் இரண்டு சுற்று சுற்றிய கயிறு பிடிப்பவரின் பலத்தை இருபது மடங்குக்கு மேல் ஆக்கும். வண்டி 200 கிலோவோடு இழுத்தாலும், மறுமுனையில் 10 கிலோ பிடித்தால் நின்றுவிடும். மெல்ல விட்டால் மெல்ல இறங்கும். தூண் உறுதியானதா என்று முதலில் பார்க்க வேண்டும். கேட்டின் கம்பியில் கட்டக் கூடாது.

ஐரோப்பாவில் கேரவன் என்ற நடமாடும் வீட்டை வைத்திருப்பவர்கள் பலர், கையால் தள்ளுவதைத் தவிர்க்க இப்போது மோட்டார் உருளைகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் அந்த உருளை டயரின்மேல் அழுந்தி அதைச் சுழற்றும். ரிமோட்டை அழுத்தினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பி ஷெட்டுக்குள் போகும். இரட்டை அச்சு வண்டிகளுக்கு இது வரப்பிரசாதம். அவற்றைக் கையால் திருப்பினால் நான்கு டயரும் தரையில் தேய்ந்து அடம்பிடிக்கும். சமதரையில் ஒற்றை அச்சு வண்டிக்கு நான்கு பேரும் நான்கு கட்டையும் போதும்.

அந்த நான்கு பேரில் யாரும் சரிவின் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது. முன்கம்பிக்கும் சுவருக்கும் நடுவே கை வைக்கக் கூடாது. பக்கவாட்டில் சுழலும் கம்பியின் நுனிதான் வண்டியில் வேகமாக நகரும் பாகம். சத்தம் கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், அவர் "நில்" என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் நிற்க வேண்டும். வண்டி இடத்துக்கு வந்ததும் முதலில் இரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை, அடுத்து முன்கம்பிக்குக் கீழே முட்டு, அதன் பிறகே கையை எடுக்கலாம். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வது கடைசி வேலை. ஓடும்போது அது நடுங்கும். கட்டை இல்லாத வண்டி அந்த நடுக்கத்திலேயே அங்குலம் அங்குலமாக நகர்ந்து பந்தல் காலைத் தொட்டுவிடும்.