விடுதி அறையின் குளிர்

வெயிலில் அலைந்து விடுதியை அடைவோர் பலர், அறைக்குட் புகுந்ததும் குளிரூட்டியின் இலக்கத்தை 16 பாகைக்கு இறக்கிவிடுகின்றனர். அறை விரைவிற் குளிருமென்பது அவர்தம் எண்ணம். ஆனால் அவ்விலக்கம் வேகத்தைக் குறிப்பதன்று. குளிரின் எல்லையையே குறிப்பது. வெப்பமான அறையை 24 பாகை வரை தணிப்பதற்கு, சாதாரண பொறிக்கு இரு நிலையிலும் ஏறக்குறைய ஒரே நேரமே செல்லும். 16இல் வைத்தால் அது அதன்பின்னும் ஓயாது ஓடும். நள்ளிரவில் விறைப்போர் குழந்தைகளும் முதியோருமே.

1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இத்தகைய பொறியை வகுத்தது மனிதருக்காகவன்று. புறூக்கிளின் நகர அச்சகமொன்றிலே தாள் ஈரத்தால் விரிந்து வண்ணங்கள் பிசகாதிருத்தற்பொருட்டேயாம். கொழும்பு போன்ற கரையோர நகரங்களில் மேனியை வருத்துவதிலும் ஈரப்பதனுக்குப் பெரும் பங்குண்டு. அது தணிந்தால் 25, 26 பாகையும் இதமாகவேயிருக்கும்.

ஆதலின் மாடத்துக் கதவைத் திறந்துவைத்துக் குளிரூட்டியை இயக்குதல் வீண். சில விடுதிகளிற் கதவு திறந்ததும் பொறி தானே நின்றுவிடும். அதனைப் பழுதென்று கருதிப் பணியாளரைக் கடிந்துகொள்வாருமுளர். நனைந்த உடைகளை அறையில் விரிக்காது குளியலறையில் இடுவதும், குளிர்காற்று கட்டிலை நேரே தாக்காதவாறு பொறியின் தகடுகளை மேனோக்கித் திருப்புவதும் நன்று. மின்விசிறியிருப்பின் மெல்லச் சுழலவிடலாம்.