ஒரு சீப்புக்கு ஏன் இவ்வளவு பெரிய பெட்டி?

ஆன்லைனில் ஒரு சீப்பு ஆர்டர் செய்கிறோம். வந்து இறங்குவதோ, மிக்ஸியே வைக்கலாம் போன்ற அட்டைப்பெட்டி! பிரித்தால் முக்கால்வாசி காற்றுத் தலையணை, ஒரு மூலையில் சீப்பு. சிரித்துவிட்டுப் பெட்டியைப் பரணில் போடுகிறோம். ஆனால், அந்தக் காற்றுக்கும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்.

குரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். இதற்கு 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்று பெயர். இது, தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அரைக் கிலோ சுடிதாரை 40×30×20 பெட்டியில் போட்டால் 4.8 கிலோவுக்கு பில் வரும். அதையே 30×20×5 பெட்டியில் மடித்து வைத்தால் 600 கிராம்தான். வீட்டிலிருந்து புடவை, சுடிதார் விற்பவர்களின் லாபம் ஓசையில்லாமல் கரைவது இங்கேதான்.

பெரிய குடோன்களில் இப்போது பெட்டியைத் தேர்ந்தெடுப்பது சாஃப்ட்வேர். ஆர்டர் வந்ததும் ஒவ்வொரு பொருளின் அளவையும் எடுத்து, கைவசமுள்ள பெட்டிகளில் திருப்பித் திருப்பி அடுக்கிப் பார்க்கும், எல்லாம் மனக்கணக்காக! பிறகு, எந்தப் பெட்டி என்று பேக்கிங் ஊழியரின் திரையில் காட்டும்.

கேட்க சுலபம். பெட்டி வடிவப் பொருள் ஒன்றை 6 விதமாகத் திருப்பி வைக்கலாம். 10 பொருள் என்றால் திருப்பும் விதங்களே 6 கோடியைத் தாண்டும். எதை எங்கே வைப்பது என்பது தனிக் கணக்கு. 'பின் பேக்கிங்' எனப்படும் இந்தப் புதிருக்கு, எப்போதும் மிகச் சிறந்த விடையை வேகமாகத் தரும் வழி இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அதனால் சாஃப்ட்வேரும் குறுக்கு வழியில்தான் போகிறது. பெரியதை முதலில் வை, இடுக்கில் சின்னதைச் செருகு. ஊருக்குக் கிளம்பும்போது அம்மா சூட்கேஸ் அடுக்குவாரே, அதே முறை!

அப்படியும் சீப்புக்குப் பெரிய பெட்டி வருவது ஏன்? பொருளின் அளவு தப்பாகப் பதிவாகியிருக்கலாம். 15 மில்லிமீட்டரை 15 சென்டிமீட்டர் என்று யாரோ டைப் செய்திருந்தால், கம்ப்யூட்டர் சீப்பைத் தலையணையாகத்தான் நினைக்கும். சின்னப் பெட்டி தீர்ந்துபோயிருக்கலாம். அல்லது அந்த அளவில் பெட்டியே வாங்கி வைக்காமல் இருக்கலாம். பழைய ஆர்டர்களை அலசி, எந்தெந்த அளவுப் பெட்டிகளை வாங்கி வைப்பது என்றும் இந்த சாஃப்ட்வேர்கள் சொல்லும். உண்மையான மிச்சம் அதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025-ல் கொண்டுவந்த பேக்கேஜிங் விதிமுறைப்படி, ஆன்லைன் பார்சலில் காலியிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 2030-ஐ ஒட்டி இது கட்டாயமாகும். பபிள் ராப், காற்றுத் தலையணை எல்லாம் காலியிடக் கணக்கில்தான் சேருமாம். சரியான பிடி!

வீட்டிலிருந்து நாலைந்து பார்சல் அனுப்புபவர்களுக்கு சாஃப்ட்வேர் தேவையில்லை. இன்ச் டேப்பும் மூன்று அளவுப் பெட்டிகளும் போதும். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பெருக்கி, வகுத்துப் பாருங்கள். உங்கள் குரியர்காரர் எந்த எண்ணால் வகுக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் 5,000 வைப்பதில்லை.