தோலில் சிவப்புப் புள்ளிகள்... ரத்தப் புற்றுநோய் அறிகுறியா? எப்போது கவனிக்கணும்?

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் நெய்பவருக்குக் காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால், ‘கொசுக்கடி, சாயம் ஒத்துக்கல’ என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் தோலிலும் தெரியும்.

ஏன் வருகிறது?

எலும்பு மஜ்ஜையில் புற்றுசெல்கள் பெருகினால் ரத்தத் தட்டணுக்கள் குறையும். தோலுக்கடியில் ரத்தம் கசிந்து, குண்டூசி முனை அளவில் புள்ளிகள் வரும். கண்ணாடி டம்ளரால் அழுத்திப் பாருங்க. நிறம் மறையாவிட்டால் ரத்தக் கசிவாக இருக்கலாம். டெங்குவிலும் இப்படி வரும் என்பதால் பயப்பட வேண்டாம், பரிசோதனை முக்கியம்.

நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா உள்ள சிலருக்கு, பூச்சி கடிக்காமலேயே பூச்சிக்கடி போன்ற அரிப்புத் தடிப்புகள் வரும். புற்றுசெல்களே தோலில் பரவி கட்டிகளாவதும் உண்டு.

என்ன செய்யணும்?

புள்ளிகளோடு காய்ச்சல், ஈறில் ரத்தம், தீராத சோர்வு இருந்தால் களிம்பு தடவிக் காத்திருக்காதீங்க. முதலில் சிபிசி எனும் எளிய ரத்தப் பரிசோதனை போதும். அதில் சந்தேகம் வந்தால், காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சலோடு தடிப்பு வந்தால், அன்றே டாக்டரைப் பாருங்க.