எங்கே படுத்திருந்தீர்கள்?

வயிற்றுவலிக்கும் படுக்கைக்கும் சம்பந்தம் உண்டு என்றதும் நெஞ்செரிச்சல்தான் நினைவுக்கு வரும். சாப்பிட்ட கையோடு சாயாதே, இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இடப்பக்கம் படுக்கும்போது உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குக் கீழே இரைப்பை தங்குவதால், அமிலம் மேலேறுவது குறைகிறது. வலப்பக்கம் திரும்பினால் தொல்லை கூடும். பெரும்பாலும் இது மாத்திரையில் அடங்கிவிடும்.

எப்படிப் படுத்தோம் என்பதால் அல்லாமல், எங்கே படுத்தோம் என்பதால் வருகிற வயிற்றுவலி ஒன்று இருக்கிறது. அது ஆளையே கொண்டுபோய்விடும். காரணம், ஒரு பாம்பு.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றைத் தாண்டித்தான் கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நுழைய வேண்டும். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் அந்த ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு, பயணிகள் மலையேறிவிடுவார்கள். அங்குள்ள காட்டுக்குள் வசிக்கும் லட்சுமிக்குட்டி என்ற காணிப் பழங்குடிப் பெண்மணிக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நூற்றுக்கணக்கான மருந்துகளின் செய்முறையை மனத்திலேயே வைத்திருப்பவர். விஷக்கடி வைத்தியத்துக்குப் பேர்போனவர். 1995-லேயே கேரள அரசு அவருக்கு ‘நாட்டு வைத்திய ரத்னா’ விருது கொடுத்தது. ஆனால் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தபோதும் அவர் வீட்டுக்கு வண்டி போகிற சாலை கிடையாது. விஷக்கடிக்கு மருந்து தருகிறவரைத் தேடி ஜனம் காட்டுவழியே நடந்து போகிறது என்றால், அந்த வட்டாரத்தில் பாம்பு எவ்வளவு பெரிய கவலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்லபாம்பு படமெடுக்கும். கண்ணாடி விரியன் குக்கர்போலச் சீறும். கடித்தால் இரண்டிலுமே வலியும் வீக்கமும் வரும். ஆள் அலறிக்கொண்டு எழுந்துவிடுவார். கட்டுவிரியன் அப்படியல்ல. மலையாளத்தில் இதை வெள்ளிக்கெட்டன் என்பார்கள். நீலம் பாய்ந்த கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளை வரிகள். பகலில் செங்கல் குவியலிலும் எலிவளையிலும் சுருண்டு கிடக்கும். இருட்டிய பிறகு எலி, பல்லி, மற்ற பாம்புகள் என்று இரை தேடி வீட்டுக்குள்ளும் வரும். அதன் பற்கள் மிகச் சிறியவை. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கை அதன்மேல் படுகிறது; அது கடித்துவிட்டுப் போய்விடுகிறது. எறும்பு கடித்ததாக நினைத்துச் சொறிந்துகொண்டே அவர் மறுபடி தூங்கிவிடுவதும் உண்டு.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டு வலி எடுக்கும். வாந்தி வரலாம். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீரோ சோடாவோ கொடுப்பார்கள். மருத்துவமனைக்குப் போனால் அங்கும் சில இடங்களில் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பிய கதைகள் உண்டு. கடிவாயைத் தேடினாலும் கண்ணில் படாது, வீக்கமும் இராது. பிறகு இமை சொருகும். பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. அடுத்தது மூச்சு.

இலங்கையின் அனுராதபுரத்தில் 1996 முதல் மூன்று ஆண்டுகள், கட்டுவிரியன் கடித்து வந்த 210 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே இரவில் தரையில் படுத்துத் தூங்கியவர்கள். அதனால்தான் இந்த வயிற்றுவலிக்கு முதலில் கேட்க வேண்டியது “என்ன சாப்பிட்டீர்கள்?” அல்ல, “எங்கே படுத்திருந்தீர்கள்?” என்கிறேன். இந்தக் கேள்விக்கு ஸ்கேன் வேண்டாம், காசும் வேண்டாம்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த விஷம் வேலை செய்கிற விதம் அப்படி. தசையை அசைக்கும் செய்தி புறப்படுகிற நரம்பு முனையையே அது சிதைத்துவிடுகிறது. ரத்தத்தில் சுற்றும் விஷத்தை விஷமுறிவு மருந்து பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே சிதைந்த முனையை அதனால் சரிசெய்ய முடியாது. அந்த முனைகள் தாமாகவே மீள்வதற்குச் சில நாட்களாவது ஆகும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். கண்மணி விரிந்து, விரல்கூட அசையாமல் கிடக்கிறவரை மூளைச்சாவு என்று தவறாக முடிவுகட்டிவிடும் அபாயம் இருப்பதாக மருத்துவ நூல்களே எச்சரிக்கின்றன. அப்படிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

பாம்புகளையே படித்தவர்களுக்கும் இந்தக் கடி நேர்ந்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் ஸ்லோவின்ஸ்கி 2001 செப்டம்பரில் மியான்மர் காட்டில் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு வகைப் பாம்பின் சிறு குட்டி ஒன்று கடித்து இறந்தார். கூட இருந்தவர்கள் வாயோடு வாய் வைத்து மணிக்கணக்காக மூச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். உதவி வந்துசேரவில்லை.

பச்சிலை வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நின்றுபோன மூச்சைப் பச்சிலையால் இழுத்துவிட முடியாது. சந்தேகம் வந்த நிமிடமே, கட்டு இறுக்காமல், கத்தி வைக்காமல், நோயாளியை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காட்டுக் குடியிருப்புகளுக்குச் சாலை போடுவது இந்தக் கணக்கில் மருத்துவச் செலவுதான்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதாவது தெரியவரும். தடுப்பதற்கு ஒரு வழியை நேபாளத்தின் தராய்ப் பகுதியில் நடந்த ஆய்வு 2007-ல் காட்டியது: கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு. கட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுக்க வேண்டும். சும்மா தொங்கவிட்டால் கொசு மட்டுமல்ல, பாம்பும் உள்ளே வந்துவிடும்.