மருத்துவமனை வாசலில் பொதிச்சோறு

அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்கு ஏதாவது ஓர் உணவு வார்டிலேயே கிடைத்துவிடும். அவருக்குத் துணையாக வந்து வராந்தாவில் பாய் விரித்திருப்பவரின் பாடுதான் திண்டாட்டம். பத்து நாள் தங்கினால் கடைச் சாப்பாட்டுச் செலவே மருந்துச் செலவை எட்டிப்பிடிக்கும். கேரளத்தில் இவர்களை மனதில் வைத்துத்தான் டிஒய்எஃப்ஐ எனப்படும் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் மதியச் சோறு கொடுக்கிறது. 1980இல் லூதியானாவில் தொடங்கப்பட்ட இந்தச் சங்கம் மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்து இயங்குவது. 'ஹிருதயபூர்வம்' என்ற பெயரில் 2017இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பித்த இந்தப் பணி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் பலருக்கும் அந்தச் சோற்று வரிசை பழக்கமானது.

இதற்குப் பொதுச் சமையல்கூடம் கிடையாது, சமையற்காரரும் கிடையாது. சங்கத்தின் அடித்தட்டுக் கிளைக்கு யூனிட் என்று பெயர். பல யூனிட்டுகள் சேர்ந்தது ஒரு மேகலா. எந்த நாளில் எந்த மேகலா சோறு கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே முறை வகுத்துவிடுகிறார்கள். முறை நெருங்கியதும் யூனிட் தோழர்கள் வீடு வீடாகப் போய், எத்தனை பொதி தர முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டில் ஒன்று, இன்னொரு வீட்டில் ஐந்து. அன்றைக்கு அந்த வீடுகளில் உலை கொஞ்சம் கூடுதலாக வைக்கப்படும். வாட்டிய வாழையிலையில் சோறும், தோரன் எனும் பொரியலும், சம்மந்தி எனும் துவையலும், ஊறுகாயும் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றிக் கட்டிவைத்தால், காலையிலேயே வந்து வாங்கிப்போய் வண்டியில் ஏற்றி மதியத்துக்குள் மருத்துவமனை சேர்ப்பார்கள். நம் ஊர்க் கட்டுச்சோறுதான். ஒருவர் பொதியில் மீன் வறுவல் இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு வெறும் சம்மந்தி. அது அவரவர் அதிர்ஷ்டம்.

ஏற்பாட்டின் சூட்சுமம் பணத்தைத் தொடாததில் இருக்கிறது. கட்சிக்காரர் கையில் வசூல் பணம் புழங்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது. கணக்கு, ரசீது, சந்தேகம் எல்லாம் கூடவே வரும். இரண்டு பிடி அரிசிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. முறை ஒரு வீட்டுக்குத் திரும்பி வரப் பல மாதங்கள் ஆவதால் சலிப்பும் தட்டுவதில்லை. குறையும் உண்டு. எத்தனையோ அடுப்புகளில் வெந்து வரும் சோற்றின் தரத்தை ஒரே மாதிரி சோதிக்க வழியில்லை. சூட்டோடு கட்டிய பொதி தாமதமானால் ஊசிப்போகும் என்பதால் நேரம் தவறாமை மிக முக்கியம்.

சோற்றோடு கட்சி விளம்பரமும் பரிமாறப்படுகிறது என்பது எதிர்த்தரப்பாரின் விமர்சனம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கொடியும் பதாகையும் வண்டியிலேயே கட்டப்பட்டிருக்கும். வாக்குக் கேட்காத நாட்களிலும் வீட்டுப் படியேற ஒரு காரணம் கிடைப்பது எந்தக் கட்சிக்கும் லாபமே. ஆனால் மருத்துவமனைச் சேவையில் இவர்கள் தனியாக இல்லை. முன்னாள் முதல்வர் சி.எச். முகமது கோயாவின் பெயரில் முஸ்லிம் லீக்கினர் நடத்தும் சி.எச். சென்டர்கள், கோழிக்கோடு முதலிய இடங்களில் நோயாளிகளுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் உணவும் பிற உதவிகளும் செய்கின்றன. சங்கப் பரிவாரத்தின் சேவாபாரதியும் களத்தில் இருக்கிறது. கட்சிகள் போட்டி போட வேண்டிய இடம் இருக்குமானால் அது இதுதான்.

தமிழ்நாட்டுக் கட்சிக் கிளைகளுக்கும் சேவை புதிதல்ல. கோடையில் திறக்கும் நீர்மோர்ப் பந்தல், மழை வெள்ளத்தில் ஓடிவரும் படகும் பாயும், ரத்ததான முகாம் என்று பட்டியல் நீளும். ஆனால் அன்னதானமும் ரத்ததானமும் பெரும்பாலும் தலைவர் பிறந்தநாளை ஒட்டியே நடக்கின்றன. தானமாகப் பெற்ற ரத்தத்தின் சிவப்பணுக்களை 35 முதல் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்கலாம். டெங்குக் காலத்தில் தேடி அலையும் தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். ஒரே நாளில் மாநிலம் முழுவதும் முகாம் போட்டுவிட்டு அடுத்த இரண்டு மாதம் சும்மா இருந்தால், அவசரத்துக்கு வருபவருக்குப் பயன் குறைவு. முறை வைத்துச் செய்வதற்குப் பெரிய ஏற்பாடும் வேண்டாம். மாவட்டத்தில் 365 கிளைகள் உள்ள கட்சியில் ஒரு கிளைக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் முறை வரும்.